பின் சஸ்பென்ஷன் லிங்கேஜ்: கிளிக்கரைத் திருகும் முன் செய்ய வேண்டியவை

கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கம் புதிதாக டர்ட் பைக் ஓட்டத் தொடங்குகிறவர்கள் சில மாதங்களில் மெக்கானிக்கிடம் வந்து கேட்கும் கேள்வி பெரும்பாலும் இதுதான்: “ஏனுங்கண்ணா, பின்னாடி ஒரே கெட்டியா இருக்குதுங், ஷாக் போயிருச்சுங்களா?”

ஷாக் அவ்வளவு சீக்கிரம் போய்விடாது. அதற்கு முன்னால் கெடுவது அதன் அடியில் இருக்கும் லிங்கேஜ். செம்மண் புழுதியும் வாட்டர் வாஷ் தண்ணீரும் பேரிங்குக்குள் சேர்ந்து, கிரீஸ் காய்ந்து, பேரிங்குக்குள் உருளும் ஊசி உருளைகள் துருப்பிடித்து நிற்கும். வண்டிக்காரரோ ஷாக்கில் இருக்கும் கிளிக்கர்களை, அதாவது ‘கிளிக் கிளிக்’ என்று திரும்பும் திருகுகளை, ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டிருப்பார். லிங்கேஜ் இறுகிக் கிடக்கும்போது எந்தத் திருகும் பலன் தராது. அதனால் இந்த வழிகாட்டி ஒரே ஒரு வரிசையை வலியுறுத்துகிறது: முதலில் லிங்கேஜைத் தடையில்லாமல் அசைய வையுங்கள், அப்புறம் வண்டி எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து சரி செய்யுங்கள், அதற்கும் பிறகுதான் கிளிக்கர். லிங்க்கின் நீளத்தை மாற்றுவதெல்லாம் கடைசி.

லிங்கேஜ் என்ன வேலை செய்கிறது

வண்டியைச் சாய்த்து, ஷாக்கின் கீழ்முனையைப் பாருங்கள். சில வண்டிகளில் ஷாக் நேராக, பின்சக்கரத்தைத் தாங்கும் கையான ஸ்விங்ஆர்மிலேயே போல்ட் போட்டிருக்கும். கேடிஎம் 390 அட்வென்ச்சர் அப்படித்தான். ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன், கவாசாகி கேஎக்ஸ் போன்ற வண்டிகளில் நடுவே ஒரு முக்கோண உலோகத் துண்டு இருக்கும். அதை ராக்கர் என்பார்கள். ராக்கரின் ஒரு மூலை ஷாக்கோடும், இன்னொரு மூலை ஸ்விங்ஆர்மோடும், மூன்றாவது மூலை ஒரு கம்பி வழியாகச் சேசிஸோடும் இணைந்திருக்கும். இந்த அமைப்பு வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறும். அந்தக் கம்பிதான் லிங்க். சில வண்டியில் ஒற்றைக் கம்பி, சிலவற்றில் இருபுறமும் இரண்டு.

கடப்பாரையால் கல்லை நெம்பும்போது முட்டுக்கல்லை நகர்த்தினால் நாம் கொடுக்க வேண்டிய பலம் மாறுகிறதல்லவா, ராக்கர் செய்வதும் அதுதான். சக்கரம் மேலே ஏற ஏற அந்த முட்டு தானாகவே இடம் மாறிக்கொண்டே போகிறது. தொடக்கத்தில் சக்கரம் 3 மில்லிமீட்டர் ஏறினால் ஷாக் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் அமுங்கும். சக்கரம் மேலே போகப் போக, அதே 3 மில்லிமீட்டருக்கு ஷாக் இன்னும் கூடுதலாக அமுங்க வேண்டியிருக்கும். அதனால் சின்னக் கல் மீது போகும்போது பின்பக்கம் மிருதுவாக இருக்கும், பெரிய பள்ளத்தில் விழும்போது கெட்டியாகும். ஒரே ஸ்பிரிங் இரண்டு குணம் காட்டுகிறது. 1980-களின் தொடக்கத்தில் கவாசாகி யூனி-டிராக், ஹோண்டா ப்ரோ-லிங்க், சுசுகி ஃபுல் ஃப்ளோட்டர் என்று ஆளுக்கொரு பெயரில் கொண்டுவந்தது இந்த ஒரே யோசனையைத்தான்.

இது வேலை செய்ய வேண்டுமென்றால் ராக்கரின் மூன்று மூலைகளிலும் லிங்க்கின் இரு முனைகளிலும் உள்ள பேரிங்குகள் விரல் தள்ளினால் திரும்ப வேண்டும். அவை இருக்கும் இடமோ வண்டியின் மிகக் கீழ்ப்பகுதி. பின்சக்கரம் வாரி அடிக்கும் சேறும் புழுதியும் முழுக்க அங்கேதான் போய்ச் சேரும். காங்கேயம், தாராபுரம் பக்கத்துச் செம்மண் காடுகளில் ஆடிக் காற்றுக்குப் பறக்கும் மாவுப் புழுதி, பேரிங்கை மூடும் டஸ்ட் சீலின் ஓரத்தில் படிந்து, அதன் மேல் எண்ணெய் பட்டால் சாணை பிடிக்கும் பசை ஆகிவிடும். பல்லடம், உடுமலைப் பக்கத்துக் கரிசல் மண் வேறு விதம்: மழை நாளில் அப்பிக்கொண்டு, காய்ந்தால் ராக்கருக்கும் சேசிஸுக்கும் நடுவே கட்டியாக நிற்கும்.

கழற்றும் முன் ஒரு சோதனை

வண்டியை எஞ்சினுக்கு அடியில் மரப்பெட்டியோ சென்டர் ஸ்டாண்டோ வைத்து, பின்சக்கரம் தரையில் படாமல் நிறுத்துங்கள். சக்கரத்தின் அடியைப் பிடித்து மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக மேலே தூக்குங்கள். ஷாக் அமுங்கத் தொடங்கும் முன் “டொக்” என்று ஒரு வெற்று அசைவு தெரிந்தால் எங்கோ ஒரு பேரிங் தேய்ந்திருக்கிறது. ஒருவர் தூக்க, இன்னொருவர் ஒவ்வொரு மூட்டிலும் விரலை வைத்துப் பார்த்தால் எந்த மூட்டு என்று விரலுக்கே தெரியும். ஷாக்கின் மேல்முனையையும் மறக்காதீர்கள்; அங்கே இருக்கும் உருண்டை பேரிங்கும் தேயும். அப்புறம் சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். அதில் ஆட்டம் இருந்தால் ஸ்விங்ஆர்ம் பேரிங்கோ சக்கர பேரிங்கோ.

ஆட்டம் எதுவும் இல்லையென்றால் நல்லது என்று விட்டுவிடக் கூடாது. துருப்பிடித்து இறுகிய பேரிங்கிலும் ஆட்டம் இருக்காது. செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டி என்றால் கேள்வியே இல்லை, கழற்றித்தான் ஆக வேண்டும்.

கழற்றிக் கழுவி கிரீஸ் வைப்பது

தேவையானவை: பாக்ஸ் ஸ்பேனர் செட், டார்க் ரெஞ்ச், மண்ணெண்ணெய் அல்லது டீசல், பழைய பல்துலக்கி, வாட்டர்ப்ரூஃப் கிரீஸ், கைநிறைய பனியன் வேஸ்ட். திருப்பூர் பக்கத்தில் இருந்துகொண்டு பனியன் வேஸ்ட்டுக்கு யோசிக்க வேண்டியதில்லை, ஒரு மூட்டையாகவே வாங்கி வையுங்கள். மண்ணெண்ணெயில் பேரிங் கழுவ அது போல வராது. கழற்றுவதற்கு முன் போனில் இரண்டு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த போல்ட் எந்தப் பக்கத்திலிருந்து நுழைகிறது என்பது முக்கியம். மாற்றிப் போட்டால் சில வண்டியில் செயினோ ஃப்ரேமோ உரசும்.

நட்டைக் கழற்றிய பின் போல்ட் வரவில்லை என்றால் சுத்தியலை எடுக்காதீர்கள். பின்சக்கரத்தின் எடை போல்ட்டை அழுத்திப் பிடித்திருக்கிறது. டயருக்கு அடியில் ஒரு மரக்கட்டை, அதன் மேல் மெல்லிய பலகைத் துண்டுகள் என்று ஒவ்வொன்றாகச் செருகிச் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டே வாருங்கள். ஒரு கட்டத்தில் போல்ட் விரலாலேயே சுழலும். அந்த உயரம்தான் சரியான உயரம். அப்போது தள்ளினால் தானாக வந்துவிடும். திரும்ப மாட்டும்போதும் அதே உயரம்தான் கைகொடுக்கும்.

லிங்கேஜைப் பிரித்ததும் ஸ்விங்ஆர்மை மட்டும் கையால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். சொரசொரப்பில்லாமல் நழுவ வேண்டும். எங்காவது பிடித்தால் அதையும் சேர்த்துக் கழற்றுகிற நாள் இதுதான்.

இப்போது ராக்கரைக் கையில் எடுங்கள். சீலுக்கு உள்ளே ஒரு எஃகுக் குழாய் இருக்கும், அது ஸ்லீவ். அதை வெளியே தள்ளும்போது ராக்கரைத் தாம்பாளத்தின் மேல் பிடித்துக்கொள்ளுங்கள். பல வண்டிகளில் உள்ளே இருக்கும் ஊசி உருளைகளுக்குக் கூடு கிடையாது. ஸ்லீவ் வெளியே வந்தவுடன் பழைய கிரீஸ் பிடித்திருந்தால் நிற்கும், காய்ந்திருந்தால் சிதறி விழும். ஒன்று தொலைந்தாலும் அந்த பேரிங் முழுதாகப் போய்விட்டது என்றே அர்த்தம். எல்லாவற்றையும் எண்ணிக் குறித்துக்கொண்டு மண்ணெண்ணெயில் கழுவுங்கள்.

வெயிலில் பிடித்துப் பாருங்கள். நல்ல ஊசி முழுக்கப் பளபளக்கும். நுனியில் பழுப்புப் புள்ளி, உடம்பில் அம்மைத் தழும்பாகக் குழி இருந்தால் பேரிங்கையும் ஸ்லீவையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஸ்லீவின் மேல் நகத்தை ஓட்டுங்கள். ஊசிகள் அமர்ந்த இடத்தில் வரிவரியாக நகம் தடுக்கினால் அதுவும் கழிவுதான்.

இங்கே கொங்குப் பகுதிக்கென்று ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். நமக்கு லேத் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. கோவை கணபதியிலோ பீளமேட்டிலோ போய் நின்றால் அரை மணி நேரத்தில் ஸ்லீவ் கடைந்து கொடுத்துவிடுவார்கள். ஆனால் ஸ்லீவ் என்பது வெறும் புஷ் அல்ல, ஊசிகள் உருளும் பாதையே அதுதான். மைல்ட் ஸ்டீலில் கடைந்த ஸ்லீவை ஊசிகள் சீக்கிரமே வரி விழச் செய்துவிடும். ஹார்டனிங் செய்து, கிரைண்டிங் போட்டு, பழைய ஸ்லீவின் அளவுக்குக் கொண்டுவரத் தெரிந்த பட்டறை என்றால் மட்டும் கொடுங்கள். இல்லையென்றால் கம்பெனி ஸ்பேரே மேல். லேத்துக்கு உண்மையில் கொடுக்க வேண்டிய வேலை வேறொன்று: பேரிங்கை அழுத்தி உட்கார வைக்க ஒரு தள்ளுகட்டை. பேரிங்கின் வெளிவிட்டத்தைவிட அரை மில்லி குறைவாக, முகம் சமமாக, உள்ளே நுழைய ஒரு படியோடு கடையச் சொல்லுங்கள். பெஞ்ச் வைஸில் வைத்து அதன் மூலம் அழுத்தினால் பேரிங் நேராக இறங்கும். சுத்தியலால் தட்டினால் மெல்லிய வெளிக்கூடு நசுங்கி, புது பேரிங் அன்றைக்கே பழசாகிவிடும். எவ்வளவு ஆழத்தில் பழைய பேரிங் இருந்ததோ அதே ஆழம், ஏனென்றால் ஓரத்தில் சீல் உட்கார இடம் வேண்டும்.

கிரீஸைப் பொறுத்தவரை, மோலி (மாலிப்டினம்) கலந்தது என்று கையேடு கேட்டால் அதையே போடுங்கள். மற்றபடி நல்ல வாட்டர்ப்ரூஃப் கிரீஸ் போதும். ஊசிகளுக்கு நடுவே நிரம்பி, சீலின் உதட்டிலும் பூசி, ஸ்லீவைத் தள்ளும்போது மறுபக்கம் கொஞ்சம் பிதுங்க வேண்டும். போல்ட்டுகளின் உடம்பிலும் மெல்லப் பூசுங்கள், இல்லையென்றால் அடுத்த முறை துருவோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். எல்லா போல்ட்டையும் முதலில் கையால் ஓட்டிவிட்டு, கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள்.

இனிமேல் வாட்டர் வாஷுக்கு விட்டால் பக்கத்தில் நின்று, லிங்கேஜ் பக்கம் நேராகப் பீய்ச்ச வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சீல் புழுதியைத் தடுக்கும், அந்த அழுத்தத்தில் வரும் தண்ணீரைத் தடுக்காது.

செயினையும் பாருங்கள்

பின்பக்கம் கெட்டியாக இருப்பதற்கு அதிகம் பேர் யோசிக்காத ஒரு காரணம் இது. சக்கரம் மேலே ஏறும்போது முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங்ஆர்ம் அச்சு, பின் அச்சு மூன்றும் ஒரே கோட்டில் வரும் இடத்தில் செயின் அதிகம் இறுகும். நிறுத்திய நிலையில் செயின் சரியாக இருப்பது போலத் தெரிந்தாலும், ஓடும்போது அந்தக் கோட்டில் வந்ததும் சஸ்பென்ஷனையே அது பிடித்து நிறுத்திவிடும். லிங்கேஜ் பிரிந்திருக்கும்போதே ஸ்விங்ஆர்மைத் தூக்கி மூன்றையும் ஒரே கோட்டில் வைத்து, அந்த இடத்திலும் செயினில் கொஞ்சம் தளர்வு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

சேக் அளப்பது

இதற்கு ஒரு டேப், ஒரு பேனா, இரண்டு நண்பர்கள் போதும். வண்டி தன் எடையால் எவ்வளவு இறங்குகிறது, நீங்கள் ஏறியதும் எவ்வளவு இறங்குகிறது என்பதே சேக்.

பின்சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போது, அச்சின் மையத்திலிருந்து நேர் மேலே மட்கார்டிலோ சைடு பேனலிலோ ஒரு புள்ளி குறித்து அந்தத் தூரத்தை அளந்துகொள்ளுங்கள். உதாரணத்துக்கு 620 மில்லிமீட்டர் என்று வைப்போம். வண்டியைத் தரையில் இறக்கி, ஆள் இல்லாமல் நேராக நிறுத்தி மறுபடி அளந்தால் 585. அப்படியென்றால் வெறும் சேக் 35. பிறகு ஹெல்மெட், பூட்ஸ், தண்ணீர்ப் பை என்று நீங்கள் ஓட்டும்போது போடும் எல்லாவற்றோடும் ஏறி, ஃபுட்பெக்கில் எடை வைத்து உட்காருங்கள். ஒருவர் முன்பக்கம் பிடிக்க, ஒருவர் அளக்கட்டும். 516 வந்தால் ஆள் சேக் 104.

பின் டிராவல் (பின்சக்கரம் மேலும் கீழும் போகும் மொத்தத் தூரம்) சுமார் 300 மில்லிமீட்டர் உள்ள முழு அளவு மோட்டோகிராஸ் வண்டிக்கு ஆள் சேக் 100 முதல் 105 வரை, வெறும் சேக் 30 முதல் 40 வரை இருந்தால் நல்ல தொடக்கம். டிராவல் குறைந்த வண்டிக்கு மொத்த டிராவலில் மூன்றில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் குறைவாக வையுங்கள். ஹிமாலயன் 450-க்குப் பின் டிராவல் 200 மில்லிமீட்டர். 60-ஐ ஒட்டி இருந்தால் போதும்.

அளக்கும்போது ஒரு நுணுக்கம். வண்டியை அழுத்திவிட்டு மெதுவாக மேலே வர விட்டு ஒருமுறை அளங்கள். பிறகு தூக்கிவிட்டு மெதுவாக இறங்க விட்டு ஒருமுறை. இரண்டுக்கும் நடுவில் வருவதே உண்மையான அளவு. இரண்டுக்கும் வித்தியாசம் சில மில்லிமீட்டர்தான் இருக்க வேண்டும். 10, 15 என்று வந்தால் லிங்கேஜிலோ ஷாக்கிலோ இன்னும் எங்கோ பிடிக்கிறது. மேலே போகாமல் திரும்பிப் போய்ப் பாருங்கள். கிரீஸ் வைப்பதற்கு முன்னும் பின்னும் இதை அளந்து பார்த்தவர்களுக்கு லிங்கேஜ் ஏன் முதலில் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

ஆள் சேக் அதிகமாக இருந்தால், ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் ப்ரீலோட் ரிங்கை இறுக்க வேண்டும், குறைவாக இருந்தால் தளர்த்த வேண்டும். சக்கரத்தைத் தூக்கி ஸ்பிரிங்கின் பாரத்தைக் குறைத்து, மறையில் உள்ள மண்ணை பிரஷ் போட்டு எடுத்துவிட்டு, ஹூக் ஸ்பேனரால் திருப்புங்கள். உளியும் சுத்தியலும் வைத்து ரிங்கைத் தட்டுவது நம் ஊரில் சகஜம், ஆனால் ரிங்கின் பல் சிதைந்தால் அதற்கப்புறம் எதுவும் பிடிக்காது. பெரும்பாலான மோட்டோகிராஸ் வண்டிகளில் ஒரு முழுச் சுற்று 3 முதல் 4 மில்லிமீட்டர் சேக்கை மாற்றும்.

ஆள் சேக்கைச் சரியாக வைத்த பின் வெறும் சேக்கை மறுபடி பாருங்கள். 300 மில்லிமீட்டர் டிராவல் உள்ள வண்டியில் அது 25-க்கும் கீழே இருந்தால் உங்கள் எடைக்கு ஸ்பிரிங் மெலிது. ப்ரீலோட் அளவுக்கு மேல் ஏறியிருக்கிறது. 45-ஐத் தாண்டினால் ஸ்பிரிங் கனம். இது பலருக்குத் தலைகீழாகத் தோன்றும், ஆனால் அப்படித்தான். ஸ்பிரிங் எடைக்குப் பொருந்தவில்லை என்றால் ஸ்பிரிங்கைத்தான் மாற்ற வேண்டும். கிளிக்கர் அதற்கு மாற்று ஆகாது.

இப்போது கிளிக்கர்

ஷாக்கின் அடியில் இருப்பது ரீபவுண்ட். அமுங்கிய பின்பக்கம் எவ்வளவு வேகமாகத் திரும்பி எழ வேண்டும் என்பதை அது கட்டுப்படுத்துகிறது. மேலே, ரிசர்வாயர் என்ற சிறு குப்பியின் பக்கம் ஸ்க்ரூடிரைவரால் திருப்புவது லோ ஸ்பீடு கம்ப்ரெஷன்; ஷாக் எவ்வளவு எளிதாக அமுங்கலாம் என்பதை அது கட்டுப்படுத்துகிறது. அதைச் சுற்றியுள்ள அறுகோண நட் இருந்தால் அது ஹை ஸ்பீடு. இங்கே வேகம் என்பது வண்டியின் வேகம் அல்ல, ஷாக் அமுங்கும் வேகம்.

முதலில் இப்போது எங்கே இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வலப்பக்கமாக மெதுவாக முழுக்க உள்ளே திருப்பி, எத்தனை கிளிக் வருகிறது என்று எண்ணி எழுதுங்கள். அடியில் தொட்டதும் நிறுத்திவிடுங்கள், இறுக்கக் கூடாது. பிறகு கையேட்டில் உள்ள தொடக்க நிலைக்குக் கொண்டுவாருங்கள். ரிசர்வாயரின் நைட்ரஜன் வால்வை மட்டும் தொடாதீர்கள். அது டயர் வால்வு போலத் தெரிந்தாலும் உள்ளே அழுத்தம் மிக அதிகம்.

சோதனைக்கு ஒரே தடம் வேண்டும். ஒரு இட்டேரி (இரு வேலிகளுக்கு நடுவே போகும் மண்பாதை), அதில் ஒரு வளைவு, அலையலையாக உழவு டிராக்டர் போன தடம், ஒரு ஓடைப் பள்ளம், இத்தனையும் இருந்தால் போதும். தோட்டக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஓட்டுங்கள். வேலி போட்ட மேய்ச்சல் நிலமான கொரங்காட்டுக்குள் போனால் படலைச் சாத்திவிட்டு வாருங்கள், உள்ளே மாடு மேயும். ஆனைமலை, சத்தியமங்கலம் புலிகள் காப்பகக் காடுகள் இதற்கான இடமே இல்லை. முதலில் பத்து நிமிடமாவது ஓட்டி ஷாக்கின் எண்ணெயைச் சூடாக்குங்கள். சூடானால் எண்ணெய் இளகி டேம்பிங் (அசைவை அடக்கும் தன்மை) மாறும். குளிர்ந்த ஷாக்கில் செய்த முடிவு மத்தியானத்தில் பொய்யாகிவிடும். டயர் காற்றும் ஒவ்வொரு முறையும் ஒன்றாக இருக்க வேண்டும்.

ரீபவுண்டிலிருந்து தொடங்குங்கள். வாய்க்கால் திட்டைத் தாண்டும்போது சீட் உங்கள் பின்புறத்தைத் தூக்கி அடித்தால் ரீபவுண்ட் வேகம். இரண்டு கிளிக் உள்ளே. மாறாக, தொடர்ச்சியான மேடுகளில் முதல் மேடு மிருதுவாகவும் நாலாவது, ஐந்தாவது மேடுகள் கெட்டியாகவும் இருந்தால், பின்பக்கம் எழ நேரமில்லாமல் ஒவ்வொன்றாக அமுங்கிக்கொண்டே போகிறது என்று பொருள். இரண்டு கிளிக் வெளியே. புதியவர்கள் இந்த இரண்டாவதைக் கம்ப்ரெஷன் கெட்டி என்று தவறாக எண்ணி மேலே உள்ள திருகைத் தளர்த்துவார்கள், நிலைமை இன்னும் மோசமாகும்.

வளைவிலிருந்து த்ராட்டில் கொடுத்து வெளியேறும்போது பின்பக்கம் ரொம்ப உட்கார்ந்தால் லோ ஸ்பீடு கம்ப்ரெஷனை இரண்டு கிளிக் கூட்டுங்கள். பெரிய தாவலில் இறங்கும்போதோ ஓடைப் பள்ளத்தில் வேகமாக விழும்போதோ அடி வரை போய் இடித்தால் ஹை ஸ்பீடு நட்டைக் கால் சுற்று உள்ளே. எப்போதாவது ஒருமுறை, மிகப் பெரிய அடிக்கு மட்டும் இடிப்பது குறையல்ல. டிராவல் முழுக்கப் பயன்படுகிறது என்றே அர்த்தம். ஒரு சுற்றுக்கு ஒரு திருகு, ஒரு மாற்றம். போனில் உடனே எழுதி வையுங்கள்.

லிங்க் நீளம்

குட்டையான ஆட்கள் சீட் உயரத்தைக் குறைக்க நீளமான லிங்க் தேடுவார்கள். வழக்கமான அமைப்புகளில் நீள லிங்க் போட்டால் பின்பக்கம் தாழும். சில மில்லிமீட்டர் நீளத்துக்கே சீட் அதைவிடப் பல மடங்கு இறங்கும். பின்பக்கம் தாழ்ந்தால் முன் ஃபோர்க் சாய்வு கூடும். நேர்த்தடத்தில் வண்டி நிலையாக இருக்கும், வளைவில் திரும்ப மனமில்லாமல் அகலமாகப் போகும். ஃபோர்க் குழாய்களை க்ளாம்பில் கொஞ்சம் மேலே ஏற்றி முன்பக்கத்தையும் தாழ்த்தினால்தான் சமநிலை வரும். நெம்பும் விகிதம் மாறுவதால் சேக்கையும் முதலிலிருந்து அளக்க வேண்டும்.

இதில் ஆபத்து ஒன்று இருக்கிறது. ஷாக் முழுக்க அமுங்கும் முன்பே டயர் மட்கார்டிலோ ஏர்பாக்ஸிலோ போய் மோதலாம். ஸ்பிரிங் கழற்றிய ஷாக்கை மாட்டி, சக்கரத்துக்கு அடியில் ஜாக்கி வைத்து மேலே வரை ஏற்றி, இடைவெளி இருக்கிறதா என்று கண்ணால் பார்க்காமல் ஓட்டாதீர்கள். ஸ்பிரிங்கைக் கழற்ற ஸ்பிரிங் கம்ப்ரெஸர் உள்ள ஷாக் பட்டறைக்குக் கொடுங்கள். பழைய லிங்க்கை வெட்டி வெல்டிங் வைத்து நீட்டிக் கொடுப்பதற்கு யாராவது முன்வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வண்டியும் ஆளும் தாவி இறங்கும் பாரம் முழுவதும் அந்தக் கம்பி வழியாகத்தான் போகிறது.

முதல் ஓட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் லிங்கேஜ் போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால் ஒருமுறை சரிபாருங்கள். புது ஸ்பிரிங் போட்டிருந்தால் சில ஓட்டங்களுக்குப் பிறகு சேக்கை மறுபடி அளங்கள், ஸ்பிரிங் கொஞ்சம் அமர்ந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சேற்றிலும் தண்ணீரிலும் ஓட்டினீர்கள் என்றால் அடுத்த பருவம் வரை காத்திருக்காமல், மழை விட்டதும் ஒருமுறை ராக்கரைக் கழற்றி ஊசிகளைப் பார்த்துவிடுங்கள்.